ஆறங்குல ஓரக்கல்

ரயில் மாடல் லேஅவுட்டில் ஊர் அமைக்கிறவர்கள் பெரும்பாலும் நடைபாதையைக் கடைசியில்தான் நினைக்கிறார்கள். தண்டவாளம் போட்டாயிற்று, கட்டடங்களை ஒட்டி வண்ணம் பூசி நிறுத்தியாயிற்று, தெருவும் கறுப்பாகிவிட்டது. இடையில் மிஞ்சிய இடத்தை அடைக்கக் கைக்கு அகப்பட்ட அட்டையையோ கட்டம் போட்ட பிளாஸ்டிக் தகட்டையோ வெட்டி வைத்துவிடுகிறார்கள். இந்த வரிசை தலைகீழானது என்பது என் உறுதியான கருத்து. காட்சியில் உள்ள மற்ற எதன் அளவையும் பார்க்கிறவர் உறுதியாகச் சொல்ல முடியாது. மரம் எந்த உயரத்திலும் வளரும். கிடங்கு இரண்டு மாடியாகவும் இருக்கலாம், ஐந்து மாடியாகவும் இருக்கலாம். எஞ்சினின் சரியான நீளம் ரயில் பித்தர்களுக்கு மட்டுமே தெரியும். நடைபாதையின் உயரமோ எல்லோருடைய காலுக்கும் தெரியும். நாள்தோறும் ஏறி இறங்கிப் பழகிய ஏற்றம் அது. கண் தன்னையறியாமல் அதை வைத்தே மற்றவற்றை அளக்கிறது. ஆகவே நடைபாதையில் முதலில் சரியாக வேண்டியது அளவு. பொருளும் வண்ணமும் அழுக்கும் அந்த அளவுக்குக் கட்டுப்பட்டவை. அளவு தவறினால் எவ்வளவு தேர்ந்த வண்ணப்பூச்சும் அதைக் காப்பாற்றாது.

எடுத்துக்காட்டாக அமெரிக்கச் சிறுநகரம் ஒன்றின் கடைத்தெருவை எடுத்துக்கொள்வோம். காலம் 1930களுக்கும் 1950களுக்கும் இடைப்பட்டது. மாடல் செய்கிறவர்கள் மிகுதியாக விரும்பும் நீராவிக் காலத்தின் கடைசிப் பகுதி. அளவு ஹெச்ஓ, அதாவது 1:87.1, உண்மையில் ஓரடி என்பது இங்கே மூன்றரை மில்லிமீட்டர். அந்த ஊர்களில் கான்கிரீட் நடைபாதை பொதுவாக நான்கு அங்குலத் தடிமனில் வார்க்கப்பட்டது; நான்கு முதல் ஆறு அடிக்கு ஒரு குறுக்குக் கோடு. ஐந்தடிக் கட்டம் ஹெச்ஓவில் 17.5 மி.மீ. ஓரக்கல் தெருவிலிருந்து ஆறங்குலம் எழும், அது 1.75 மி.மீ. ஐந்தடி ஒன்பதங்குல மனிதர் 20 மி.மீ. உயரம். அந்த உருவத்தை ஒரு கட்டத்தில் படுக்கவைத்தால் தலை மட்டும் அடுத்த கட்டத்துக்குள் நீளும். இந்த உறவை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், கையில் அளவுகோல் இல்லாமலே கடையில் விற்கும் தகட்டை மதிப்பிட்டுவிடலாம். கால் அங்குலக் கட்டமுள்ள தகட்டில் அதே மனிதர் மூன்று கட்டங்களை அடைத்துக் கிடப்பார். அப்படியானால் கட்டத்தின் உண்மை அளவு 22 அங்குலம்தான் ஆகிறது. கடைத்தெரு குளியலறை ஓடு பதித்ததுபோல் தெரியும். சில நகரங்களில் அழகுக்காகச் சிறு கட்டங்களாகக் கோடு போட்டதுண்டு. அந்த ஊரின் பழைய புகைப்படத்தில் அப்படித் தெரிந்தால் அந்தத் தகடே சரியானது. படம் சொல்லாதபோது மட்டும் அதைத் தவிர்க்க வேண்டும்.

கட்டத்தைவிடக் கோட்டில்தான் தவறு மிகுதி. கொத்தனார் ஈரக் கான்கிரீட்டின்மேல் கருவியை இழுத்துப் போடும் கோட்டின் வாய் ஆறு முதல் பத்து மி.மீ. அகலம் இருக்கும். அதை 87-ஆல் வகுத்தால் 0.07 முதல் 0.11 மி.மீ. வருகிறது, ஒரு எழுதுதாளின் தடிமன் அவ்வளவுதான். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் நடைபாதையில் கோடு அரை மி.மீ. அகலத்துக்கு இருந்தால், உண்மைத் தெருவில் அது ஒன்றே முக்கால் அங்குலப் பிளவாகிறது. குதிகால் செருப்போடு அந்தத் தெருவில் யாரும் நடக்க முடியாது. தடிமனும் அப்படித்தான். மூன்று மி.மீ. தடிமனுள்ள துண்டைத் தெருவின்மேல் அப்படியே வைத்தால் ஓரக்கல்லின் உயரம் பத்தங்குலத்தைத் தாண்டிவிடும். முதியவர் ஒருவர் கைப்பிடி தேடுகிற உயரம் அது. தயாரிப்பாளர்களைக் குறை சொல்ல வரவில்லை. மெல்லிய கோட்டை அச்சில் வார்ப்பது கடினம், மெல்லிய தகடு வளைந்துவிடும்; அவர்களுடைய காரணங்கள் தொழிற்சாலையின் காரணங்கள். ஆனால் அவற்றை நம் தெருவுக்குள் அனுமதிக்க வேண்டியதில்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது ஒன்று உண்டு. லேஅவுட்டை மூன்றடி தள்ளி நின்றுதான் பார்க்கிறோம். அங்கிருந்து பத்தில் ஒரு மி.மீ. கோடு கண்ணுக்குத் தெரியாது. ஆகவே கொஞ்சம் மிகைப்படுத்தித்தான் ஆகவேண்டும் என்பது. இதில் பாதி உண்மை. நல்ல பார்வையுள்ள கண், இரண்டு கோடுகளைத் தனித்தனியாகப் பிரித்தறிய ஏறத்தாழ ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு இடைவெளி வேண்டும், 90 செ.மீ. தொலைவில் அது கால் மி.மீ. ஆனால் பிரித்தறிவது வேறு, ஒற்றைக் கோடு இருப்பதை உணர்வது வேறு. வானத்தின் பின்னணியில் செல்லும் மின்கம்பி, அதன் பருமனைக் கண் அளக்க முடியாத தொலைவிலும் கம்பியாகத் தெரிகிறது. நடைபாதைக் கோடும் அப்படித்தான் தெரிய வேண்டும்: அகலம் இல்லாத ஒரு மெல்லிய நிறமாற்றமாக. இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். மாடலிலிருந்து 90 செ.மீ. என்பது உண்மைத் தெருவிலிருந்து 78 மீட்டர். அவ்வளவு தொலைவில் நின்று எந்த நடைபாதையையும் பாருங்கள். கோடுகள் சில இடங்களில் தெரியும், சில இடங்களில் மங்கி மறைந்துவிடும். வெயிலின் சாய்வைப் பொறுத்து மாறும். அந்த மங்கல்தான் தொலைவின் உண்மை. மிகைப்படுத்தினால் விவரம் கூடுவதில்லை, தொலைவு கெட்டுப்போகிறது. இப்போதெல்லாம் மாடலைக் கைப்பேசியில், சில அங்குலத் தொலைவில் வைத்துப் படமெடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்தத் தொலைவில் தடித்த கோட்டுக்கு எந்த மன்னிப்பும் கிடைக்காது.

இன்னொரு வாதம் இடத்தைப் பற்றியது. லேஅவுட்டில் எல்லாமே சுருக்கப்படுகிறது. ஒரு மைல் நீளமுள்ள ரயில் யார்டு பத்தடி ஆகிறது, பன்னிரண்டு சன்னல் கொண்ட ஆலைக்கு ஐந்து சன்னல்தான் கிடைக்கிறது. நடைபாதையை மட்டும் ஏன் முழு அளவில் வைக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது, விடை அந்த ஆலையிலேயே இருக்கிறது. சன்னல்களின் எண்ணிக்கையைக் குறைத்தோம். ஒரு சன்னலின் அளவைக் குறைக்கவில்லை. குறைத்திருந்தால் ஆலை உடனே பொம்மையாகியிருக்கும். நடைபாதையிலும் எண்ணிக்கையைக் குறைக்கலாம், அளவைக் குறைக்கக் கூடாது. கடைத்தெருவின் பதினைந்தடி நடைபாதையை மூன்று கட்ட அகலத்திலிருந்து இரண்டு கட்ட அகலமாக்கினால் பத்தடி ஆகிறது, அதாவது 35 மி.மீ.; இதை யாரும் கவனிக்க மாட்டார்கள். வீடுகள் உள்ள தெருவில் ஒரே கட்டம், ஐந்தடி, போதும். கட்டத்தையும் ஓரக்கல்லின் உயரத்தையும் மட்டும் தொடாமல் விடவேண்டும்.

அளவு இப்படி முடிவான பிறகுதான், எந்த ஊர், எந்த ஆண்டு என்ற கேள்வி பொருளைத் தீர்மானிக்கிறது. எல்லா அமெரிக்க நடைபாதையும் கான்கிரீட் அல்ல. பாஸ்டனின் பீக்கன் ஹில் பகுதியில் செங்கல். பழைய நியூயார்க்கில் ஹட்சன் பள்ளத்தாக்கிலிருந்து வந்த நீலச்சாயல் கொண்ட புளூஸ்டோன் பலகைக் கற்கள். மேற்கின் சுரங்க ஊர்களில் மரப்பலகை. செங்கல் நடைபாதையில் ஒரு பொறி இருக்கிறது. கடையில் செங்கல் தகடு என்று விற்பது பெரும்பாலும் சுவருக்கானது. சுவரில் நமக்குத் தெரியும் செங்கல் முகம் எட்டங்குல நீளம், இரண்டேகால் அங்குல உயரம். தரையில் படுக்கவைத்துப் பதித்தால் தெரியும் முகம் எட்டுக்கு நான்கு அல்லது அதற்குச் சற்றுக் குறைவு. சாந்தும் இல்லாமல் மணல்மேல் நெருக்கிப் பதித்தது. சுவர்த் தகட்டை நடைபாதையாக இட்டால், பெயர் சொல்லத் தெரியாத ஏதோ ஒரு பிழை பார்க்கிறவரை உறுத்திக்கொண்டே இருக்கும். செங்கல்லுக்கு மட்டும், தரைக்கென்றே செய்த தகட்டைத் தேடி வாங்குவதைத்தான் நான் பரிந்துரைப்பேன், 2.3 மி.மீ. நீளச் செங்கல்லைக் கையால் கீறிக்கொண்டிருப்பது உழைப்புக்கு ஏற்ற பலன் தராது. பெரிய நகரங்களில் நிலவறைக்கு வெளிச்சம் தர இரும்புச் சட்டத்தில் கண்ணாடித் துண்டுகளைப் பொருத்தி நடைபாதையிலேயே பதித்தார்கள். தாடியஸ் ஹயாட் இதற்கு 1845-இல் காப்புரிமை பெற்றார். கண்ணாடியில் சேர்த்த மாங்கனீசு வெயிலில் ஆண்டுக்கணக்கில் கிடந்து ஊதாவாக மாறியது. சியாட்டிலின் பயனியர் சதுக்கத்தில் அந்த ஊதாவை இன்றும் பார்க்கலாம். அந்த நிறம் வயதின் அடையாளம். 1890-ஐக் காட்டும் காட்சியில் புதிதாகப் பதித்த கண்ணாடிக்கு அதைப் பூசினால் காலம் குழம்பும். அதேபோல் 1935 முதல் 1943 வரை இயங்கிய டபிள்யூபிஏ என்ற வேலைவாய்ப்புத் திட்டம், தான் போட்ட நடைபாதைகளில் தன் பெயரையும் ஆண்டையும் முத்திரையாகப் பதித்தது. ஹெச்ஓவில் அந்த எழுத்தைப் படிக்கும்படி செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். கட்டத்தின் மூலையில் ஒரு மங்கிய அழுத்தம் போதும். 1932-ஐக் காட்டும் தெருவில் அதுவும் கூடாது. இன்று தெருமுனைகளில் காணும் சாய்தளமும் புடைப்புப் புள்ளிகள் கொண்ட மஞ்சள் பட்டையும் மாற்றுத்திறனாளிகளுக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து பரவியவை. நீராவி எஞ்சினுக்குப் பக்கத்தில் அந்த மஞ்சள் வந்தால் காட்சி முழுவதும் சிதறுகிறது.

கான்கிரீட்டுக்கு வருவோம், ஏனெனில் வேலை அங்கேதான் அதிகம். பிளாஸ்டரில் வார்த்தால் மேற்பரப்பு நன்றாக வரும். ஆனால் ஓரம் உடைந்தால் உள்ளிருந்து வெள்ளை எட்டிப்பார்க்கும். அச்சிட்ட தாளில் கோடு மெல்லியதாக அமையும். ஆனால் வெட்டிய விளிம்பு வெளுப்பாகத் தெரியும், ஈரத்தில் உப்பும். நான் முன்வைப்பது கட்டமில்லாத வெற்று ஸ்டைரீன் தகடு. ஒன்றரை மி.மீ. தகட்டின்மேல் கால் மி.மீ. தகட்டை ஒட்டினால் 1.75 ஆகிறது, ஓரக்கல்லுக்கு வேண்டிய சரியான உயரம். கோட்டைக் கத்தி முனையால் போடக் கூடாது. அது பிளாஸ்டிக்கை இருபுறமும் வரப்பாக ஒதுக்கிவிடும், வண்ணம் பூசியதும் அந்த வரப்பு இரட்டைக் கோடாகத் தெரியும். ஊசிமுனையை இரும்பு அளவுகோலோடு சேர்த்து, அழுத்தாமல் ஒருமுறை, சற்றே அழுத்தி மறுமுறை இழுத்தால் போதும். பிறகு 600-ஆம் எண் உப்புத்தாளை நீரில் நனைத்து மெதுவாகத் தேய்க்க, எழுந்த பிசிறு போய்விடும், பிளாஸ்டிக்கின் மினுக்கும் அடங்கும். ஓரக்கல்லைத் தனிப் பட்டையாக வைக்க வேண்டும், ஏனெனில் அது தனியாக வார்க்கப்பட்டது. அதற்கும் நடைபாதைக்கும் இடையில் ஓடும் நீளக்கோடு, குறுக்குக் கோடுகளைவிடக் கண்ணுக்கு நன்றாகத் தெரியும் கோடு. தெருமுனை வளைவைக் கையால் ஊகித்து வெட்டுவது இன்னொரு பொதுத் தவறு. பத்தடி ஆரம் என்றால் 35 மி.மீ., ஒரு மூடியையோ குழாயையோ வைத்து வரைந்துகொள்ளலாம்.

நடைபாதை மட்டமாக இருக்காது என்பதையும் கொத்தனார்கள்தான் நமக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. மழைநீர் தெருப்பக்கம் ஓட வாட்டம் கொடுப்பார்கள். நூற்றுக்கு இரண்டு என்பது வழக்கமான அளவு. பத்தடி அகலத்துக்கு அது ஹெச்ஓவில் 0.7 மி.மீ. கட்டடப் பக்கத்தில் அந்த அளவுக்கு ஒரு மெல்லிய பட்டையைக் கீழே வைத்தால் முடிந்தது. இவ்வளவு சிறிய சாய்வை யார் பார்ப்பார்கள் என்று கேட்கலாம். சாய்வை யாரும் பார்க்க மாட்டார்கள், வெளிச்சத்தைப் பார்ப்பார்கள். தெருவும் நடைபாதையும் ஒரே தளத்தில் படுத்திருந்தால் விளக்கொளி இரண்டின்மேலும் ஒரே மாதிரி விழுகிறது. சாய்வு இருந்தால் இரண்டின் நிறங்களும் தாமாகவே கொஞ்சம் பிரிகின்றன. பூசவேண்டிய வண்ணத்தில் பாதி வேலையை அது செய்துவிடுகிறது. தெருவுக்குள்ளேயே தண்டவாளம் ஓடும் காட்சியில் இன்னும் கவனம் வேண்டும். தெருவின் மட்டம் தண்டவாளத்தின் தலைமட்டத்துக்கு உயர்ந்துவிடுவதால், முன்பே ஒட்டிய நடைபாதையின் ஏற்றம் காணாமல் போகும். ஆகவே முதலில் தண்டவாளம், பிறகு தெருவின் இறுதி மட்டம், அதிலிருந்து 1.75 மி.மீ. மேலே ஓரக்கல், அதிலிருந்து வாட்டம், அதன் முடிவில் கடையின் வாசற்படி. ஒரு தெருவின் கட்டடங்கள் முழுவதற்கும் ஒரே அடித்தளமாக நடைபாதைத் தகட்டை நீட்டி, கட்டடங்களை அதன்மேல் உட்காரவைத்தால் சுவருக்கும் நடைபாதைக்கும் இடையில் கறுப்பு இடைவெளி விழாது. உண்மையில் அங்கே இருப்பது தார் ஏற்றிய நார்ப்பலகை வைத்த அரை அங்குல இணைப்பு, ஹெச்ஓவில் 0.15 மி.மீ.

வண்ணத்துக்கு இப்போது வரலாம். புதிய கான்கிரீட் வெளிர் சாம்பல். நடந்து நடந்து மேற்பரப்பிலுள்ள சிமெண்ட் தேய, உள்ளிருக்கும் மணலின் பழுப்பு மேலே வருகிறது. ஆகையால் பழைய நடைபாதை சாம்பலைவிட மணல் நிறத்துக்கு நெருக்கமானது. கடையில் கான்கிரீட் நிறம் என்ற பெயரில் விற்கும் குளிர்ந்த சாம்பலை அப்படியே பூசினால் எல்லாத் தெருவும் நேற்று போட்டதாகத் தெரியும். அதோடு ஊரின் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். பிட்ஸ்பர்க் நகரம் நிலக்கரிப் புகையைக் கட்டுப்படுத்த 1941-இல் சட்டம் இயற்றியது. போர் காரணமாக 1946-இல்தான் அது நடைமுறைக்கு வரத் தொடங்கியது. அந்த நகரின் 1938-ஐக் காட்டும் நடைபாதையும் 1955-ஐக் காட்டும் நடைபாதையும் ஒரே டப்பாவிலிருந்து வர முடியாது. முன்னதில் கரி படிந்த கருமை. பின்னதில் கழுவிய வெளுப்பும், அதற்கிடையே அண்மையில் மாற்றிய கட்டங்களும். கட்டங்கள் தனித்தனியாகவே மாற்றப்படுகின்றன என்பதால் நிற வேறுபாடும் கட்டம் கட்டமாகத்தான் வரவேண்டும். ஆனால் பத்துக்கு ஒன்றோ இரண்டோ போதும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறம் கொடுத்தால் சதுரங்கப் பலகைதான் மிஞ்சும்.

அழுக்கேற்றும் வேலையில்தான் நல்ல கைகளும் தவறுகின்றன. கறுப்பு மையை ஸ்பிரிட்டில் கரைத்து எல்லாக் கோட்டிலும் ஓடவிடுவது வழக்கம். மை தானாகவே பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும், பார்க்க மகிழ்ச்சியாகவும் இருக்கும். ஆனால் எல்லாக் கோடும் ஒரே கருமையில் வந்துவிடுகிறது. எந்தத் தெருவிலும் அப்படி இல்லை. ஒரு கோட்டில் மண், ஒன்றில் புல், ஒன்றில் மழை கழுவிய வெறுமை. கறுப்புக்குப் பதில் பழுப்புச் சாம்பலை மிகவும் நீர்க்கக் கலந்து, காய்வதற்குள் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, வேண்டிய சில கோடுகளை மட்டும் கூரிய பென்சிலால் எழுப்புவது நல்லது. மினுக்கு அடக்கும் லாக்கர் அடித்த பிறகு ஸ்பிரிட் கலந்த மையைப் பூசினால் வெண்படலம் கிளம்பும் என்பதையும் மறக்கக் கூடாது; மை முதலில், லாக்கர் கடைசியில். பாதச்சுவடு படும் நடுப்பகுதி வெளுத்தும், சுவரோரமும் ஓரக்கல்லோரமும் கருத்தும் இருக்கும். தீயணைப்புப் படிக்கட்டின் கீழே துருக்கறை விழும், அது வாட்டத்தின் வழியே தெருப்பக்கம் இழுபட்டிருக்கும். விரிசல்களைப் பொறுத்தவரை நான் கண்டிப்பானவன். கான்கிரீட் எப்படியும் விரியும். அந்த விரிசல் கண்ட இடத்தில் ஓடாமல் கோட்டுக்குள்ளேயே நடக்கட்டும் என்பதற்காகத்தான் தடிமனில் கால்பங்கு ஆழத்துக்குக் கோடு போடுகிறார்கள். அந்த ஏற்பாட்டின் நோக்கமே தெரியாததுபோல் ஒவ்வொரு கட்டத்திலும் மின்னல் கோடு வரைவது பிழை. மரவேர் தூக்கிய இடம், லாரி ஏறி இறங்கும் சந்து வாய், மண் அமுங்கிய மூலை என்று காரணம் காட்டக்கூடிய இடத்தில் மட்டும் விரிசல் வரட்டும். வேர் தூக்கிய கட்டத்தில் விரிசலைவிட, பக்கத்துக் கட்டத்தைவிட அது அரை மி.மீ. எழுந்து நிற்பதுதான் நம்பகமான அடையாளம்.

ரயிலுக்காக அமைத்த லேஅவுட்டில் நடைபாதைக்கு இவ்வளவு நேரம் தேவையா என்ற கேள்வி எப்போதும் எழும். மாசசூசெட்ஸின் பீபடி நகரில் ஜார்ஜ் செல்லியோஸ் அமைத்த ஃபிராங்க்ளின் அண்ட் சவுத் மான்செஸ்டர் லேஅவுட், 1930களின் பொருளாதாரப் பெருமந்தக் கால நகரத் தெருக்களுக்காகவே உலகெங்கும் பேசப்பட்டது. ரயில் அங்கே நகரத்தின் நடுவே ஓடுவதால்தான் ரயிலுக்கு ஒரு வேலை இருப்பதாகத் தோன்றுகிறது. தெரு நம்பும்படி இல்லாவிட்டால் சரக்கு யாருக்குப் போகிறது? பெரிய நகரம் முழுவதையும் கையால் கீற நேரமில்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. முன்வரிசைத் தெருவுக்குக் கீறிய தகடு, பின்வரிசைக்குக் கடையில் வாங்கியது. வாங்கிய தகட்டின் அகலக் கோடுகளை நிரப்பு மாவால் அடைத்து, மழித்து, அதன்மேல் ஊசியால் புதுக்கோடு போட்டுக்கொண்டால் பின்வரிசையிலும் அளவு காக்கப்படும். இடம் இன்னும் குறைந்த ‘என்’ (N) அளவில், அதாவது 1:160-இல், கீறுவதையே விட்டுவிடலாம். ஐந்தடிக் கட்டம் அங்கே ஒன்பதரை மி.மீ., ஓரக்கல் ஒரு மி.மீ.க்கும் சற்றுக் குறைவு, கோட்டின் அகலமோ 0.05 மி.மீ. எந்த ஊசியும் அவ்வளவு மெல்லிய பள்ளம் போடாது. ஒரு மி.மீ. அட்டையின் இருபுறமும் பிரைமர் அடித்து, மணல் நிறம் பூசி, காய்ந்தபின் கடினமான பென்சிலால் ஒரே இழுப்பில் கோடு போட வேண்டும். ஓரக்கல்லின் செங்குத்து முகத்துக்கு மட்டும் ஒரு சாயல் கருமை கூட்ட வேண்டும்; அந்த அளவில் ஏற்றத்தைக் கண்ணுக்குக் காட்டுவது அந்த நிழல்தான்.